மொட்டைமாடியின் இறப்பர்த் தோல்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் என் சின்னம்மாவின் வீடு. சமையலறையில் அண்ணாந்து பார்த்தால், மொட்டைமாடியின் தட்டைக் கொங்கிறீட் தளமான சிலாப்பின் அடியில் மூன்று பென்சில் கோடுகள் தெரியும். ஈரம் பரவும்போதெல்லாம் மேசையில் ஏறி நின்று அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதிவைத்திருந்தார். முதல் வட்டம் ஒரு சாசரளவு. மூன்றாவது சுளகளவு.

மழை குறைந்த பெப்ரவரியில், மேலே விரித்திருந்த பழைய இறப்பர்ச் சீற்றை உரித்தோம். தண்ணீர் இறங்கிய வாய் அந்த வட்டங்களுக்கு நேர் மேலே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அது ஏழு அடி தள்ளி, கைப்பிடிச்சுவர் மூலையில் இருந்தது. வேலைக்கு வந்த மேசன் பாஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "அம்மா, தண்ணி இறங்குற இடம் வேற, சொட்டுற இடம் வேற" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு, ஈரம் வந்த வழியை விரலால் தடவிக் காட்டினார்.

சீற்றுக்கு அடியில் போன தண்ணீர் உடனே கீழே சொட்டுவதில்லை. சீற்றுக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் சரிவு பார்த்து ஓடும். ஏதாவது ஒரு வெடிப்பு கிடைத்ததும் அதற்குள் இறங்கும். சிலாப் வார்க்கும்போது உள்ளே புதைத்த வயர்க் குழாய் கிடைத்தால் அதன் வழியே போய், பல்ப் ஹோல்டரிலோ மின்விசிறிக் கொக்கியிலோ சொட்டும். அதனால் கீழே தெரியும் ஈரத்துக்கு நேர் மேலே மட்டும் பூசி மெழுகுவது பெரும்பாலும் வீண் செலவு. சின்னம்மா அப்படி இரண்டு தடவை செலவழித்திருந்தார்.

ஓட்டுக் கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, தள்ளிவிடுகிறது. ஓடுகளுக்கிடையே எத்தனையோ இடுக்குகள் இருந்தாலும் சரிவு செங்குத்தாக இருப்பதால் தண்ணீருக்கு உள்ளே நுழைய நேரமில்லை. தட்டையான சிலாப்பில் தண்ணீருக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. அதிலும் கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. 2010 நவம்பரில் ஒரே இரவில் 440 மில்லிமீற்றர் கொட்டிப் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிச் சிலாப் என்றால் அந்த ஓர் இரவில் மட்டும் அதன்மேல் ஏறத்தாழ 41,000 லீற்றர் விழுந்திருக்கும். நம் வீடுகளில் வைக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கிகளில் 41-ஐ நிரப்பும் தண்ணீர் அது. அவ்வளவும் ஒன்றிரண்டு குழாய் வாய்களால் இறங்கியாக வேண்டும்.

கொங்கிறீட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதற்குள் மயிரிழை போன்ற துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் தானாக ஊறிச் செல்லும். கடற்கரைப் பக்கத்தில் இது இன்னும் ஆபத்து. கடற்காற்றின் உப்பு தண்ணீரோடு கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பி உள்ளிருந்து நெம்ப, சிலாப்பின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதைப் பார்க்கலாம். ஆகவே மேலே ஒரு தோல் வேண்டும்.

இறப்பர் என்றதும் நமக்குக் களுத்துறை, கேகாலைத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடப் பூங்காவில் அவற்றை நட்டார்கள். இவ்வளவு பழைய உறவு இருந்தும், அந்த மரத்தின் பாலில் செய்த இறப்பர் கூரைக்கு உதவாது. மருந்துப் போத்தலில் மாட்டி மறந்துபோன ஒரு பழைய இறப்பர் வளையத்தை இழுத்துப் பாருங்கள். குறுக்கே வரிவரியாக வெடித்திருக்கும், இழுத்ததும் அறும். காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. இயற்கை இறப்பர் என்பது மிக நீண்ட காபன் சங்கிலி. அந்தச் சங்கிலியின் முதுகெலும்பிலேயே இடையிடையே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோன் வாயு தேடிப்போய் வெட்டுவது அந்த இரட்டைப் பிணைப்புகளைத்தான். இழுபட்ட நிலையில் இருக்கும் இறப்பரில் அந்த வெட்டு விரைவில் வெடிப்பாகிவிடும்.

கூரைக்குப் போடும் சீற் ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பர். எத்திலீன், புரொப்பிலீன் என்ற இரண்டு பெற்றோலிய வாயுக்களைக் கோத்து இதன் சங்கிலியைச் செய்கிறார்கள். முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் இறப்பரை வல்கனைஸ் செய்ய, அதாவது சங்கிலிகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட, இரட்டைப் பிணைப்பு தேவை. அதனால் டையீன் என்ற மூன்றாவது பொருளைச் சிறிதளவு சேர்த்து, அதன் இரட்டைப் பிணைப்பைச் சங்கிலிக்குப் பக்கவாட்டில் கிளைபோலத் தொங்கவிடுகிறார்கள். ஓசோன் கிளையை வெட்டினாலும் சங்கிலி அறாது. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் யோசனைகளில் இது ஒன்று. கறுப்பு நிறம் காபன் கரியால் வருகிறது. அது புற ஊதாக் கதிரை விழுங்கி, உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. ஒன்றரை மில்லிமீற்றர்கூடத் தேறாத இந்தச் சீற் 25, 30 வருடம் வெயிலில் கிடந்தும் இழுபடுவது இந்த இரண்டாலும்தான்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அந்தச் சங்கிலி எண்ணெய்க்கு உறவு. இனம் இனத்தோடு சேரும் என்பது மூலக்கூறுகளுக்கும் பொருந்தும். தண்ணீரை உள்ளே விடாத அதே இறப்பர், பெற்றோலிய எண்ணெயையும் கொழுப்பையும் உறிஞ்சி ஊதிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒழுகுகிறது என்று ஒருவரைக் கூப்பிட்டபோது, அவர் கைப்பிடிச்சுவர் ஓரம் முழுக்கத் தாரைக் காய்ச்சி ஊற்றிவிட்டுப் போயிருந்தார். கொங்கிறீட்டுக்கு அது சரியான வேலையாக இருந்திருக்கலாம். இறப்பருக்கு விஷம். நாங்கள் உரித்தபோது அந்த ஓரம் மட்டும் தண்ணீரில் நனைந்த அப்பளம்போல உப்பி நெளிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழிந்தது. மீதிச் சீற்றை வெட்டி இழுத்துப் பார்த்தேன். புதிதுபோல நீண்டு திரும்பியது.

மூலையில் முதலில் ஒழுகியதற்கு வேறு காரணம். சீற் செய்யும்போது சேர்க்கும் மென்மையாக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறிப்போகும், சீற் சிறிது சுருங்கும். பரந்த தரையில் அது தெரியாது. சுவரும் தரையும் சேரும் மடிப்பில் தெரியும். அங்கே சீற் மூலையை விட்டு விலகி, குறுக்காக விறைத்து நின்றது. தட்டினால் பறைபோலச் சத்தம். அடியில் வெற்றிடம், மேலே இழுவிசை. ஒட்டு அங்கேதான் முதலில் விட்டுக்கொடுத்தது. தட்டைக் கூரைகளில் நடுத்தரை ஒழுகுவது அரிது. சுவரோரம், குழாய் வாய், இரண்டு சீற் சேரும் ஒட்டு, யாரோ டிஷ் அன்ரெனாவுக்கு ஆணி அடித்த இடம், இவைதான் ஒழுகும்.

சரி, பழையதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசினால் என்ன? இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், ஏனென்றால் உரிக்கும் கூலி மிச்சம். கூடாது என்பேன்.

வெயிலில் கறுப்புச் சீற் 60 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அடியில் ஈரம் அடைபட்டிருந்தால் அது ஆவியாகும். காலை 27 பாகையில் இருக்கும் நீராவி அழுத்தம், 60 பாகையில் ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. கூடவே அடைபட்ட காற்றும் விரிகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், விரிய இடமில்லாத ஒரு பொந்துக்குள் சதுர அடிக்கு ஏறத்தாழ 250 கிலோ மேல்நோக்கித் தள்ளும். எந்தப் பசையும் இதை நாள்தோறும் தாங்காது. கொப்புளம் எழும்பும், மாலையில் அமுங்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழும்பும். அதனால் உரித்ததும் சிலாப்பைக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டி, 16 மணி நேரம் விட்டால் போதும். அடியில் வியர்வை துளித்திருந்தால் இன்னும் காயவில்லை. எங்களுக்கு முதல் இரண்டு தடவை துளித்தது. மூன்றாவது தடவைதான் காய்ந்த துண்டு கிடைத்தது.

வெடிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கொங்கிறீட் ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு நீளும் அல்லது சுருங்கும். கேட்கச் சின்னதுதான். ஆனால் மதியம் கொதித்துக் கிடந்த சிலாப்பில் மூன்று மணிக்கு மழை கொட்டுகிறது என்று வையுங்கள். மேற்பரப்பு 30 பாகை குளிர்ந்தால் 10 மீற்றர் நீளச் சிலாப் 3 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். சுருங்கும்போது வெடிப்பு வாய் திறக்கும். அதாவது மழை விழும் அதே நேரத்தில்தான் வெடிப்பும் அகலமாகிறது. கடையில் வாங்கும் பூச்சு மூன்று மடங்கு நீளும் என்று வாளியில் எழுதியிருக்கும். அது பொய்யில்லை. ஆனாலும் வெடிப்பின் மேல் அது கிழிகிறது. ஏனென்றால் இரண்டு பக்கமும் கொங்கிறீட்டோடு இறுக ஒட்டியிருக்கும் பூச்சு, வெடிப்பின் அகலத்துக்குள் மட்டுமே நீள முடியும். 0.1 மில்லிமீற்றர் வெடிப்பு 0.5 மில்லிமீற்றர் ஆனால், அந்த மெல்லிய கீற்றுப் பூச்சு ஐந்து மடங்கு நீள வேண்டும். முடியாது, அறுந்துபோகும்.

இதற்குத் தீர்வு எளிது. வெடிப்பை வி வடிவத்தில் வெட்டி, இழுபடும் பசையால் நிரப்பி, அதன்மேல் 50 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சீற் தரையில் ஒட்டாதபடி ஒரு நாடாவை வைக்கிறார்கள். இப்போது அதே 0.4 மில்லிமீற்றர் அசைவு 50 மில்லிமீற்றருக்குப் பங்கு போகிறது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இறப்பருக்கு அது உறைக்கவே உறைக்காது.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. பாஸ் சுவர் மூலைகளில் சீமெந்தைச் சாய்வாக வைத்து, செங்கோணத்தை இரண்டு மெதுவான மடிப்பாக மாற்றினார். நாற்பது அடிக்கு ஓர் அடி வீதம் குழாய் வாயை நோக்கிச் சரிவு எடுத்தார். புதிய சீற்றை விரித்தவுடன் ஒட்டவில்லை. சுருளில் கிடந்த இழுவிசை தளர அரை மணி நேரம் சும்மா விட்டார்கள். பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலால் தொட்டால் நூல் இழுக்காத பதம் வரும்வரை காத்திருந்தார்கள். அதற்கு முன் ஒட்டினால் பசையின் கரைப்பான் உள்ளே அடைபட்டு அதுவே கொப்புளமாகும். ஈபிடிஎம் வல்கனைஸ் ஆனது, உருகாது. அதனால் பீவீசீ சீற்றைப்போல வெப்பக் காற்றால் பற்றவைக்க முடியாது. சீற்றுகள் சேரும் இடத்தைத் துடைத்து, ஒட்டுப் பிடிக்க முதலில் பூசும் பிறைமரைப் பூசி, மூன்று அங்குல பியூட்டைல் இறப்பர் ஒட்டுநாடா வைத்து, கை உருளையால் முழுப் பலத்தோடு அழுத்தினார்கள். அந்த உருளை போகும் சத்தம்தான் அன்று முழுக்கக் கேட்டது. சுவர்மேல் சீற் ஆறு அங்குலம் ஏறியது, அதன் மேல்விளிம்பு சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் போனது.

சரிவில் நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்றால், தேங்கும் தண்ணீர் சீற்றுக்கு மட்டும் தொல்லை இல்லை. டெங்கு நுளம்பின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். 2017-இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். யாரும் ஏறிப் பார்க்காத சிலாப்பின் ஒரு குழிவு அதற்குப் போதும்.

கடைசியில் குழாய் வாய்களைக் கட்டையால் அடைத்து, தாங்கித் தண்ணீரைத் திறந்து இரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்பினோம். இரண்டு நாள் அப்படியே நின்றது. சின்னம்மா காலையும் மாலையும் மேசையில் ஏறி, பென்சில் கோடுகளுக்குள் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் காலை கட்டையை எடுத்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. எல்லாம் வடிந்த பிறகு, தாங்கி நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. பாஸ் குந்தி, அதைச் சுற்றி வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போட்டார். "இந்த இடத்தைக் கொஞ்சம் உயர்த்தணும்" என்றார்.