கரண்ட் அடித்தவரை மண்ணில் புதைக்காதீர்கள்

இதயத் துடிப்பைப் பார்க்க ஒட்டும் மானிட்டர் வில்லை நெஞ்சில் ஒட்டவே இல்லை. ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, சிஸ்டர் துடைத்துத் துடைத்து ஒட்டுகிறார், அது மணலோடு உரிந்து வருகிறது. காதுக்குள் மணல், இமையில் மணல், வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் மணல். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஒரு குப்பத்திலிருந்து வந்த பையன். இருபது வயதைத் தாண்டி அதிக நாளாகியிருக்காது. வீட்டுக்குள் நின்ற மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு நின்று மோட்டார் சுவிட்சைப் போட்டிருக்கிறான். (அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். கூட வந்த மாமா சொன்னார்: "முக்கா மணி நேரம் இருக்கும் டாக்டரம்மா. பீச்சாண்ட தூக்கினு போயி கழுத்து வரைக்கும் பொதைச்சு வச்சோம். மண்ணு கரண்ட்ட இஸ்துக்கும்ல?"

அவனைக் காப்பாற்ற முடியவில்லை. பதினாறு வருடமாக வடசென்னையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மண்ணோடு என் மேசைக்கு வந்தவர்களில் இவன் ஐந்தாவது. இதற்கு மேல் பொறுமையாக இருக்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்புக்குள் கரண்ட் தங்காது. தயவுசெய்து இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு பல்புக்குள் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? மிக்சியை நிறுத்திய பிறகு அதற்குள் கரண்ட் ஒளிந்திருக்கிறதா? மனித உடம்பும் அப்படித்தான். கம்பியிலிருந்து விடுபட்ட நொடியிலேயே கரண்ட் போய்விட்டது. மண் இழுத்துக்கொள்ள எதுவுமே மிச்சமில்லை. மிச்சமிருப்பது கரண்ட் செய்துவிட்டுப் போன கெடுதல். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் இதயத்தின் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. இதயம் புழு நெளிகிற மாதிரி துடித்துக்கொண்டிருக்கும், ஆனால் ரத்தத்தைத் தள்ளாது. அந்த நேரத்தில் யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் கரைகிறது. முக்கால் மணி நேரத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க சித்தப்பாவ பொதைச்சுத்தான் காப்பாத்தினோம்" என்று யாராவது சொல்வார்கள். அவர் சொல்வது பொய் இல்லை. ஷாக் அடித்து மயங்கியவர்களில் பலருக்கு இதயம் நிற்பதில்லை, கொஞ்ச நேரத்தில் தானாகவே கண் விழிப்பார்கள். திண்ணையில் படுக்க வைத்திருந்தாலும் எழுந்திருப்பார்கள். அவர்கள் எழுந்த பெயர் மண்ணுக்குப் போய்விட்டது. எழுந்திருக்காதவர்களுக்கு மட்டும் "விதி முடிஞ்சு போச்சு" என்கிறோம், மண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஈர மணல் சும்மாவும் இருக்காது. நெஞ்சின் மேல் பாரமாக உட்கார்ந்து, மிச்சமிருக்கும் மூச்சையும் விடவிடாது. கழுத்து வரை புதைந்தவன் நெஞ்சை யார் எப்படி அழுத்துவது?

கடலில் இடி விழுந்து கரைக்குக் கொண்டுவரப்படுபவர்களுக்கும் இதே கதைதான். இடி விழுந்தவரைத் தொட்டால் நமக்கு ஷாக் அடிக்காது. தொடுங்கள், நெஞ்சை அழுத்துங்கள்.

அந்தப் பையனின் நண்பர்கள் நான்கு பேர் வெளியே நின்றார்கள். ஒருவனுக்கு விரல் நகம் பிய்ந்திருந்தது. கையாலேயே குழி தோண்டியிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பையனின் தம்பி மட்டும் கிட்டே வந்து, "எங்க அழுத்தணும்னு காமிங்க" என்றான். பெஞ்சில் இருந்த தலையணையைக் கீழே வைத்துக் காட்டினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது எப்போதாவது விக்குவது போல ஒரு மூச்சு: ஒருவர் 108-க்குப் போன் போடட்டும், இன்னொருவர் அப்போதே ஆரம்பிக்கட்டும். கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், மெத்தையில் வேண்டாம். இரண்டு மார்புக்கும் நடுவில் எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், இரண்டு அங்குலம் நெஞ்சு இறங்கும் அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். விலா எலும்பு முறியுமோ என்று பயப்படாதீர்கள். முறிந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கை சலித்தால் ஆள் மாறுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஆனால் அதற்கு முன்னால், கரண்ட் நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஒருவரை இழுக்கப் போய் இரண்டாவது ஆளும் ஒட்டிக்கொண்டு, இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் பார்த்திருக்கிறேன். மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதையும் சேர்த்து அணையுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மெயின் எட்டாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்று தண்ணீருக்குள் இறங்காதீர்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கட்டையெல்லாம் உதவாது. ஈபி ஆட்கள் நிறுத்தும்வரை யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மழையும் புயலும் இயற்கை. தெருவோரம் கதவு கழன்று நிற்கும் பில்லர் பாக்ஸ் என்கிற மின்பெட்டியும், ஆடித் திருவிழாவுக்கு இரும்புக் கம்பத்தில் சுற்றிய சீரியல் செட்டும், டேப் சுற்றிய மோட்டார் வயரும் நாம் வைத்தவை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று தண்ணீர் நிற்கும் எந்தப் பேட்டையிலும் நான் பயப்படுவது புயல் அடிக்கும் இரவுக்கு அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சப்ளையை நிறுத்திவிட்டார்கள். சப்ளை திரும்ப வரும் நேரம்தான் ஆபத்து. "கரண்ட் வந்துடுச்சு" என்று தெருவே கத்தும்போது முழங்கால் தண்ணீரில் பிரிட்ஜ் பிளக் மூழ்கியிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்பே மெயினை இறக்குங்கள். வடிந்த பிறகும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஏற்றாதீர்கள். சுவரே ஈரமாக இருக்கும்போது சுவிட்சைத் தொடுவது தப்பு.

"எங்க வீட்ல எம்சிபி இருக்கு" என்பவர்களுக்கு: கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் அந்த சுவிட்ச் வயரைக் காப்பாற்ற வைத்தது, உங்களை அல்ல. பதினாறு ஆம்பியர் எம்சிபி பதினாறைத் தாண்டினால்தான் விழும். இதயத்தின் தாளம் கெட ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தாலே சப்ளையை வெட்டிவிடும் சுவிட்ச். ஒரு மிக்சி வாங்கும் காசுக்குள் முடிந்துவிடும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். எர்த் வயரும் ஒழுங்காக இருக்கட்டும்.

ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்து டீ குடிப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். வெளியே பொட்டுப்போல ஒரு காயம் இருக்கும், உள்ளே சதை வெந்திருக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் கிட்னி வரை பிரச்சினை போகிறது என்று அர்த்தம். தோள் பின்பக்கமாக நழுவியிருப்பதை எக்ஸ்ரேயில் நாங்களே சில சமயம் கோட்டை விடுகிறோம், கை தூக்க முடியவில்லை என்றால் வலியுறுத்திச் சொல்லுங்கள்.

பருவமழை வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் கதவில்லாத பில்லர் பாக்ஸ் இருந்தால் இன்றைக்கே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். சரி செய்யும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.