தடத்தகடு: செயின்சாவின் 'பார்' தமிழில்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப் போன பிறகு, சாய்ந்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காமல் சென்னையில் பல தெருக்கள் தவித்தன. எங்கள் குடியிருப்பில் சின்ன செயின்சா ஒன்று வாங்கி வைத்தது அப்போதுதான். போன மாதம் அதற்கு உதிரி வாங்க பிராட்வே போய், "பன்னிரண்டு இன்ச் பிளேடு கொடுங்க" என்றேன். "பாரா, செயினா சார்? எத்தனை லிங்க்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். பார் என்பது நீளமான எஃகுத் தகடு. அது எதையும் அறுப்பதில்லை. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு காடி, அதாவது ஒடுங்கிய நீளப் பள்ளம், ஓடுகிறது. செயினின் அடிப்பக்க நாக்குகள் அந்தக் காடிக்குள் இறங்கி ஓடும். அறுக்கும் பற்கள் செயினில்தான் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'கைடு பார்'. கைடு, பார் இரண்டுமே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. இதை 'வழிகாட்டிப் பட்டை' என்று பெயர்த்தால் சொல் வருகிறது, பொருள் வரவில்லை. வழிகாட்டி என்றதும் ஒரு ஆளோ கைகாட்டிப் பலகையோதான் மனதில் வரும். மரம் அறுக்கிற இடத்தில் பட்டை என்றால் மரப்பட்டை! 'அலகு' என்று சொல்லிப் பார்த்தேன். கத்தியின் அலகு, பறவையின் அலகு இரண்டுக்கும் பொதுவான அழகான சொல். நீண்டு முனை உருண்ட இந்தத் தகட்டின் தோற்றத்துக்கும் பொருந்தும். ஆனால் கத்தியில் அலகுதான் வெட்டும், இங்கே அது வெட்டாது.

அதனால் 'தடத்தகடு' என்பதே என் தேர்வு. ரயில் தடம் புரண்டது என்கிறோம். செயின் தளர்ந்து காடியை விட்டு வெளியே வருவதும் தடம் புரள்வதுதான்.

சங்கிலி, வடமொழி 'சிருங்கலா'வோடு உறவுள்ள சொல். 'தொடர்' என்று தமிழில் பழைய சொல் உண்டு என்றாலும், இன்று அது டிவி தொடராகிவிட்டது. சங்கிலியே இருக்கட்டும்.

ரம்பத்துக்குத் தெலுங்கிலும் 'ரம்பமு' என்றே பெயர். மரம் அறுக்கும் கருவிக்கு வாள், ஈர்வாள் என்ற சொற்களும் நம்மிடம் உண்டு. மரம் அறுக்கும் இடத்தை இன்றும் வாள்பட்டறை என்கிறார்களே. ஆகவே செயின்சாவைச் 'சங்கிலிவாள்' என்று தயங்காமல் சொல்லலாம்.

பெயர் சரியாக இருந்தால் உதிரி வாங்குவதும் எளிது. தகட்டின் நீளம் மட்டும் போதாது, இன்னும் மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது கண்ணி இடைவெளி, அதாவது 'பிட்ச்': அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தில் பாதி. அடுத்தது 'கேஜ்', அதைத் தட அகலம் என்றாலே விளங்கிவிடும். சின்ன இயந்திரங்களில் 1.3 மி.மீ. பரவலாக உண்டு. அப்புறம் நாக்குள்ள கண்ணிகளின் எண்ணிக்கை, கடைக்காரர் 'லிங்க்' என்று கேட்டது இதைத்தான். இவை பெரும்பாலும் தகட்டின் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டும்போது தகட்டின் மேல்விளிம்பில் பற்கள் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். புதுச் சங்கிலி ஓட ஓட நீளும், எனவே ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். தகட்டை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால் தடம் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

பல் மழுங்கினால் தீட்ட வேண்டியது வட்ட அரத்தால். சங்கப் பாடல்களில் 'அரம்போழ் அவ்வளை' என்று வரும்: அரத்தால் அறுத்துச் செய்த சங்கு வளையல். சங்கை அறுத்த கருவிக்கு அன்று இருந்த அதே பெயர்தான், இன்று சங்கிலிவாளின் பல்லைத் தீட்டும் 4 மி.மீ. கம்பிக்கும்.