1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவரா? குடியுரிமை கேட்டு மனு போடாதீர்கள்

திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஓர் அக்கா தாள்கள் நிறைந்த துணிக்கடைப் பையோடு வந்து உட்கார்ந்தார். 1986-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டுப் போன இடத்தில், "இலங்கை பாஸ்போர்ட் எங்கே?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "நான் பிறந்ததே இங்கதான் எண்டு சொன்னாலும் கேக்கிறாங்க இல்லை" என்றார்.

சட்டம் இதுதான். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அம்மா அப்பா எந்த நாடு, எப்படிப் படகேறி வந்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இதை வைத்துத்தான்.

"சரி, குடியுரிமை கேட்டு மனு எழுதிக் கொடுங்க" என்பார்கள். எழுதாதீர்கள். ஏற்கெனவே குடிமகளாக இருப்பவர், 'நான் வெளிநாட்டவர்' என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். இலங்கைத் தூதரகத்தில் பெயர் பதியும் முன்பும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

பெரிய பள்ளம் பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாக ஒரு ஜூன் தேதியைப் போட்டிருப்பார். அந்த அக்காவின் டி.சி.யில் 1988 என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் இல்லை. பையின் அடியில் அவர் அம்மாவின் பிரசவச் சீட்டு கிடந்தது, மடிப்பில் கிழிந்து, 1986 மட்டும் தெளிவாக. இதுபோன்ற சீட்டை லேமினேட் செய்யாதீர்கள், அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். பிறந்த ஊர் பதிவாளரிடம் 'பதிவில் இல்லை' என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பிறப்பைப் பதியுங்கள். அப்புறம்தான் பாஸ்போர்ட். ஆதாரை நம்பிப் போகாதீர்கள், அது குடியுரிமைச் சான்று இல்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடுமை. தாயோ தந்தையோ ஒருவர் இந்தியராக இருந்தால், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த பிள்ளையும் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் மற்றவர் அனுமதியில்லாமல் வந்தவர் என்று எழுதப்பட்டிருந்தால் பிறப்புரிமை கிடையாது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தங்கை அகதி.

பாஸ்போர்ட் தர மறுத்தால் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லை. வருமானச் சான்று கேட்டால், தேவையில்லை என்று சொல்லுங்கள்.