என்பியைவு: ‘ஆஸியோஇன்டெக்ரேஷன்’ என்ற சொல்லின் பொருளும் தமிழும்

உடலுக்குள் வைத்த உலோகமும் உயிருள்ள எலும்பும், நடுவில் வேறு திசு எதுவும் வளராமல் நேராகப் பொருந்தி நிற்பதுதான் ‘ஆஸியோஇன்டெக்ரேஷன்’. லத்தீனில் ‘ஆஸ்’ என்றால் எலும்பு, ‘இன்டெகராரே’ என்றால் முழுமையாக்குதல்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஆயாவைப் பற்றிக் கேட்டால் “ஸ்டீல் வச்சிருக்காங்க” என்று முடித்துவிடுகிறோம். இடுப்பில் எலும்பைத் தொட்டு நிற்கும் பகுதி பெரும்பாலும் டைட்டானியக் கலவை. டைட்டானியத் தாது நம் குவாசூலு-நட்டாலிலேயே, ரிச்சர்ட்ஸ் பே மணல்மேடுகளில் அள்ளப்படுகிறது.

சொல்லைப் பரப்பியவர் சுவீடனின் மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1950களில் முயலின் காலெலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் கவனித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர் வைத்தார்.

எலும்பு எப்படிப் பிடிக்கிறது? வைத்தவுடன் ரத்தப் புரதங்கள் உலோகத்தில் படிகின்றன. ரத்தம் உறைகிறது. அந்த உறைவின் இழைகளைப் பிடித்துக்கொண்டே எலும்பை ஆக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. முதலில் ஒழுங்கில்லாத இளம் எலும்பு; பிறகு மாதக்கணக்கில் அதை அரித்து அரித்து அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பாக உடல் மாற்றிக்கொள்கிறது. இந்த ஆரம்ப நாட்களில் உலோகம் ஆடக்கூடாது. சுமார் 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். இடுப்பு மூட்டில் சிமென்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் வைக்கும் உலோகத் தண்டை மருத்துவர் அடித்து இறுக்குவது அதற்காகத்தான்.

உலோகத்தின்மேல் போடும் பூச்சு வேலை செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட், நம் எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய உறவு. அதைச் சூட்டில் உருக்கி உலோகத்தின்மேல் தெளிக்கிறார்கள். இடுப்பு மூட்டில் இது 1980களின் நடுவில் வந்தது. வெறும் உலோகத்தில் பழைய எலும்பின் பக்கமிருந்து மெதுவாக வளரும் புது எலும்பு, பூச்சு இருந்தால் பூச்சின் மேலேயே தொடங்கிவிடும்; சிறு இடைவெளியும் நிரம்பும். பூச்சு பிரிந்துவிட்டால் அந்தப் பலன் போச்சு.

ஜோஹானஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் உகோ ரிப்பமோன்டி குழு இன்னும் ஒரு படி போனது. துளையுள்ள ஹைட்ராக்ஸிஅபடைட்டை பபூன் குரங்கின் தசைக்குள் வைத்தார்கள். எலும்பே இல்லாத அந்த இடத்தில், துளைகளுக்குள் எலும்பு உருவானது! அதை ‘எலும்புத் தூண்டல்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஆஸியோஇன்டெக்ரேஷனோடு கலக்கக்கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எலும்பு ஒருங்கிணைப்பு’ எனக்கு ஒப்பவில்லை. இணைப்பு என்றால் யாரோ ஒருவர் இணைத்து வைப்பது. மருத்துவர் பொருத்துகிறார், அவ்வளவுதான். சேர்வது எலும்பு தானாகச் செய்வது. ‘ஒட்டுதல்’ என்றால் நடுவில் பசை இருப்பதுபோல் தொனிக்கிறது, முறிந்த எலும்பு கூடுவதோடும் குழம்பும். குறளில் (73) “என்போடு இயைந்த தொடர்பு” என்று வருகிறது. ‘என்பு’ எலும்பின் பழைய பெயர். இயைதல், தானே பொருந்துதல். ஆகவே ‘என்பியைவு’ என்பதே என் தேர்வு.

எழுத்தில் இப்படி ஆளலாம்: “பூச்சு இருந்ததால் என்பியைவு சீக்கிரம் தொடங்கியது”, “என்பியைவு குலைந்து மூட்டு தளர்ந்தது”. வீட்டில் “எலும்பு நல்லா பிடிச்சிருச்சு” போதும். பல ஆண்டு கழித்து, எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடையில் வலி என்று ஆயா சொன்னால், அந்தப் பிடிப்பு விட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.