படத்தைக் காட்டி உடை தைக்கும் முன்

போட் நெக், அதாவது தோளுக்குத் தோள் நேராக ஓடும் கழுத்து வைத்த பிளவுஸ் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கழுத்தெலும்பு வெளியே தெரிவது உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதென்ன கேள்வி என்று பலர் விழிப்பார்கள். இந்தக் கழுத்துக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்ததே, ஒரு நடிகை அந்தக் கேள்விக்கு வைத்திருந்த பதில்தான்.

'சப்ரினா' என்ற ஹாலிவுட் படம் 1954ல் வந்தது. அதில் போட வேண்டிய உடைகளுக்காக அதன் நாயகி ஆட்ரி ஹெப்பர்ன் அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸில் உடை வடிவமைப்பாளர் ஹூபர்ட் டி கிவான்ஷியின் கடைக்குப் போனார். வரப்போவது இன்னொரு நடிகையான காத்ரின் ஹெப்பர்ன் என்று நினைத்திருந்த கிவான்ஷி, வாசலில் நின்ற ஒல்லிப் பெண்ணைப் பார்த்துத் திகைத்துவிட்டார். புதிதாகத் தைத்துத்தர நேரமில்லை என்று அவர் சொல்ல, இருந்ததிலிருந்தே ஆட்ரி தேர்ந்தெடுத்தார். அவற்றில் ஒன்று, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு நேராக ஓடும் கழுத்து வைத்த கறுப்பு உடை. தன் கழுத்தெலும்புக் குழிகள் தெரிவது ஆட்ரிக்குப் பிடிக்காது, தோள்களை மட்டும் பிடிக்கும். அந்தக் கழுத்து குழியை மறைத்துத் தோளைக் காட்டியது. அப்புறம் அதற்கு 'சப்ரினா கழுத்து' என்றே பெயர் வந்துவிட்டது. படத்தின் உடைகளுக்கான ஆஸ்கர் விருது, டைட்டிலில் பெயர் வந்த உடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட்டுக்குப் போனது. கிவான்ஷியின் பெயர் டைட்டிலில்கூட இல்லை. இதே தொழிலில் இருப்பவள் என்பதால் எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அந்த ஒல்லி உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது 15 வயதான ஆட்ரி அங்கேதான் இருந்தார், போதிய சாப்பாடு இல்லாமல் நலிந்தார். அவர் படத்தைக் காட்டி "நானும் இப்படி இளைத்துவிட்டு வருகிறேன், அப்புறம் அளவெடுங்கள்" என்று சொல்லும் பெண்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. உங்கள் அளவுக்குத்தான் துணியை வெட்ட வேண்டும். துணிக்காக நீங்கள் இளைக்க வேண்டாம்.

நானே ஒருமுறை கேட்காமல் தைத்துவிட்டேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், தங்கை கல்யாணத்துக்குப் போட் நெக் கேட்டார். முன்பக்கம் ஹூக் வைத்தால் கழுத்தின் நேர்கோடு கெட்டுவிடும் என்று முதுகில் வைத்தேன். அழகாகத்தான் வந்தது. மண்டபத்தில் குழந்தை பசியில் அழுதபோது ஹூக்கைக் கழற்றிவிட ஆள் தேடி அலைந்திருக்கிறார். படப்பிடிப்பில் நடிகைக்கு மாட்டிவிடவும் கழற்றிவிடவும் பக்கத்திலேயே ஆள் இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து எந்த உடையானாலும், அதைப் போட்டுக்கொண்டு என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்காமல் நான் கத்தரியைத் தொடுவதில்லை.

சினிமா உடை சில சமயம் உறுத்துவதற்கென்றே தைக்கப்படும். 1958ல் வந்த 'வெர்டிகோ' என்ற ஹாலிவுட் படத்தில் நடிகை கிம் நோவாக் போட்டுவரும் சாம்பல் நிற சூட் அப்படிப்பட்டது. அந்த நிறமும் வேண்டாம், கறுப்பு ஷூவும் வேண்டாம் என்று அவர் மறுத்துப் பார்த்தார். இயக்குநர் ஹிட்ச்காக் விட்டுக்கொடுக்கவில்லை. கதையில் அவர் வேறொருத்தியாக நடிக்கும் பெண். உடையில் இருந்த அந்த இறுக்கமும் ஒட்டாமையும் பாத்திரத்துக்கு உதவியதாகப் பின்னாளில் கிம் நோவாக்கே சொன்னார். அந்த சூட்டின் தையல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதே இறுக்கத்தில் தைத்துத் தர மாட்டேன். லூஸ் விட்டுத்தான் தைப்பேன்.

'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தையும் நிறையப் பேர் காட்டுகிறார்கள். 1960களின் ஹாங்காங்கில் நடக்கும் கதை. நாயகி மேகி சியுங் இருபதுக்கும் மேற்பட்ட சியோங்சாம் உடைகளில், அதாவது உயரமான காலர் வைத்து உடம்போடு ஒட்டித் தைத்த சீன உடைகளில் வருகிறார். உடைகளை வடிவமைத்த வில்லியம் சாங்தான் படத்தொகுப்பும் செய்தவர். அதனால்தானோ என்னவோ, உடை மாறுவதைப் பார்த்தே நாள் ஓடியது நமக்குப் புரிகிறது. அந்த உயரமான காலரைக் கவனியுங்கள். தலையைக் குனியவிடாது. மனசில் இருப்பதை வெளியே காட்டாமல் அடக்கி வைத்திருக்கும் ஒருத்திக்கு அதைவிடப் பொருத்தமான கழுத்து கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாணப் பெண் அதே காலரை ஹை நெக் பிளவுஸில் கேட்டார். கேன்வாஸ் கொடுத்து விறைப்பாகத் தைத்து ட்ரையலுக்கு வரச் சொன்னேன். கண்ணாடி முன் நின்றபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "சரிம்மா, இப்போ பெரியவங்க கால்ல விழுற மாதிரி குனிஞ்சு நமஸ்காரம் பண்ணு" என்றேன். பாதி குனிவதற்குள் காலர் தொண்டையில் அழுத்தியது. கேன்வாஸைப் பிரித்து எடுத்துவிட்டு மெல்லிய லைனிங் கொடுத்தேன். காலர் உயரத்தில் அரை அங்குலம் குறைத்தேன். மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, இது போதும் என்றார்.