ஒரே ஜாடியில் இத்தனை மதுவா? கொரிய அரிசி மதுவின் அறிவியல்

கொரியாவுக்குப் போகிறவர்கள் முதலில் சந்திக்கும் மது, பச்சைக் கண்ணாடிப் பாட்டிலில் வரும் சோஜு. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, அரிசி என்று மாவுச்சத்துள்ள பொருள்களைப் புளிக்க வைத்து, பெரிய ஆலைகளில் சுமார் 95 சதவீத எரிசாராயமாக வடித்து, பிறகு தண்ணீரும் இனிப்பும் கலந்து 16, 17 சதவீதத்துக்கு இறக்கியது அது. எந்தப் பொருளிலிருந்து வந்தது என்பதற்கான சுவடே நாக்கில் படாது. அதை மட்டும் குடித்துவிட்டு ஊர் திரும்பினால் கொரியாவின் மதுவைச் சுவைத்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மரபு மதுக்கள் இருக்கும் கடைக்குப் போனால் வேறு வகைத் திகைப்பு. மக்கொல்லி, யாக்ஜு, சொங்ஜு, சோகோக்ஜு, இஹ்வாஜு, குவாஹாஜு என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் தனித்தனி மது என்றே தோன்றும். ஆனால் இவற்றில் பல, அரிசி புளிக்கும் ஒரே ஜாடியிலிருந்து எந்த நேரத்தில், எந்த விதத்தில் எடுக்கிறோம் என்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. ஜாடிக்குள் நடப்பது புரிந்துவிட்டால் பட்டியலும் புரிந்துவிடும்.

அரிசியை மதுவாக்குவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. சர்க்கரையை மதுவாக மாற்றுவது ஈஸ்ட். திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும் அதை ஈஸ்ட்டால் உடைக்க முடியாது. பீர் செய்பவர்கள் பார்லியை முளைகட்டி, முளையில் ஊறும் நொதிகளை வைத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறார்கள். கொரியர்கள் அந்த வேலையைப் பூஞ்சையிடம் கொடுத்தார்கள். அந்தப் பூஞ்சை குடியிருக்கும் கட்டிதான் நுருக்.

நுருக் செய்ய வேண்டியது கோதுமையும் தண்ணீரும்தான். கோதுமையைத் தவிட்டோடு குருணையாக உடைத்து, பிசிறும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, துணியில் சுற்றிக் காலால் மிதித்துக் கெட்டியான வட்டாக ஆக்குவார்கள். பிறகு கதகதப்பான அறையில் இரண்டு, மூன்று வாரம் விட்டுவிடுவார்கள். யாரும் கிருமியை வாங்கிச் சேர்ப்பதில்லை. கோதுமையிலும் வைக்கோலிலும் காற்றிலும் இருப்பவை தாமாகவே வந்து குடியேறும். ஆஸ்பர்ஜில்லஸ், ரைசோபஸ் போன்ற பூஞ்சைகள், பல வகைக் காட்டு ஈஸ்ட்டுகள், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்று ஒரு கூட்டமே அந்த வட்டில் வாழும். நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. தளர்ந்த வட்டு உள்ளே பூஞ்சை வளரும் முன்பே காய்ந்துவிடும்.

பூசானில் கும்ஜங்சான் மலைக்கோட்டைக்குள் இருக்கும் ஊரில் இன்றும் காலால்தான் மிதிக்கிறார்கள். அங்கே வட்டின் நடுப்பகுதி மெல்லியதாகவும் ஓரம் தடித்தும் இருக்கும். அந்த நுருக்கில் செய்த மக்கொல்லியில் புளிப்பு தூக்கலாக இருக்கும். தானிய வாசமும் மண் வாசமும் சேர்ந்து வரும். 1979இல் அரசு அங்கீகாரம் பெற்ற முதல் நாட்டுப்புற மது இதுதான். பூசானுக்குப் போகிறவர்கள் கடற்கரையில் ஒரு மாலையைக் குறைத்துக்கொண்டாவது இந்த மலைக்கு ஏற வேண்டும்.

சரி, ஜாடிக்கு வருவோம். அரிசியை வெந்நீரில் குழைய வேக வைக்காமல், ஆவியில் விறைப்பாக வேக வைக்கிறார்கள். ஆறிய பிறகு பொடித்த நுருக்கோடும் தண்ணீரோடும் பிசைந்து மண்ஜாடியில் போடுகிறார்கள். இனி இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். பூஞ்சையின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனுக்குடன் மதுவாக்குகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மாறினால் 92 கிராம் மதுவும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும் என்பது வேதியியல் கணக்கு. ஜாடியின் வாயில் காது வைத்தால் கேட்கும் தூறல் போன்ற ஓசை அந்த வாயு வெடித்து வெளியேறும் சத்தம்.

கொரிய மதுவின் பலம் இந்த ஒரே நேர ஓட்டத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை மொத்தமும் தொடக்கத்திலேயே கரைந்திருந்தால் அதன் செறிவே ஈஸ்ட்டை வாட்டும். இங்கே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளுக்கு உகந்த வெப்பம் 50, 60 டிகிரி; ஜாடி இருப்பதோ 20 முதல் 25 டிகிரியில். ஆகவே அவை மெதுவாகத்தான் வேலை செய்கின்றன, சர்க்கரையும் சிறுகச் சிறுகத்தான் வருகிறது. ஈஸ்ட் திணறாமல் வாரக்கணக்கில் உழைத்து 15 முதல் 18 சதவீதம் வரை மதுவைக் கொண்டுபோய்விடும். வடிக்காமலே இவ்வளவு ஏறுவது சாதாரணமல்ல.

முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. ஈஸ்ட் பெருகும் முன்பே கெட்ட கிருமிகள் புகுந்தால் எல்லாம் வீண். அப்போது காவல் நிற்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். நம் வீட்டு இட்லி மாவு தானாகப் புளித்து, அந்தப் புளிப்பே மாவைக் காப்பது போலத்தான் இதுவும். அமிலம் ஏறியதும் மற்றவை ஒடுங்கும். ஈஸ்ட் மட்டும் அதைத் தாங்கும். இன்னும் கவனமானவர்கள் முதலில் கொஞ்சம் அரிசிக் கூழில் ஈஸ்ட்டைப் பெருக்கிக்கொள்கிறார்கள். இது மித்சுல். படை திரண்ட பிறகு வேக வைத்த அரிசியைக் கொட்டுகிறார்கள். அது தொத்சுல். இப்படி இருமுறை சேர்த்தது இயாங்ஜு, மும்முறை சேர்த்தது சம்யாங்ஜு. சேர்க்கச் சேர்க்கப் பலமும் மணமும் கூடும். அரிசியைத் தவிர எதுவும் சேராத ஒரு கோப்பையில் ஆப்பிளும் முலாம்பழமும் மணப்பது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களால்.

குமிழ்கள் ஓய்ந்ததும் சோற்றுப் பருக்கைகள் அடியில் தங்கி, மேலே பொன்னிறத் தெளிவு நிற்கும். மூங்கிலால் பின்னிய யோங்சு என்ற நீள்கூடையை ஜாடிக்குள் இறக்கி, அதற்குள் ஊறும் தெளிவை முகந்தால் அதுதான் சொங்ஜு அல்லது யாக்ஜு. மீந்த கலங்கலில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சல்லடையில் வடித்தால் 6, 7 சதவீத மக்கொல்லி. தெளிவு வசதியானவர்கள் வீட்டுக்கும் கலங்கல் வயலில் உழைப்பவர்களுக்கும் போனது பழைய வழக்கம்.

சொச்சோன் பகுதியின் ஹன்சான் சோகோக்ஜுவில் தண்ணீர் குறைவு, பசையரிசி அதிகம். நூறு நாள் வரை முதிர விடுகிறார்கள். 18 சதவீதம் இருந்தும் மிச்சச் சர்க்கரை அதை மறைத்துவிடுவதால் குடித்தவர் எழ முடியாமல் உட்கார்ந்துவிடுவார் என்பார்கள். இஹ்வாஜு இன்னும் வியப்பு. அரிசியிலேயே செய்த நுருக்கில், தண்ணீரே ஏறக்குறைய இல்லாமல் புளிக்க வைப்பதால் தயிர் போல் கெட்டியாக வரும். கரண்டியால்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம் வெப்பத்தின் வேலை. மதுவிலுள்ள எரிசாராயம் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். முற்றிய மதுவைக் கொப்பரையில் காய்ச்சி, மேலே இடை சிறுத்த மண்பானையை வைத்து, அதன் தலையில் குளிர்ந்த நீர் நிரப்பினால், ஆவி குளிர்ந்து மூக்கு வழியாகச் சொட்டும். இதுதான் உண்மையான சோஜு. வடிக்கும் கலை 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகளோடு வந்தது. படைகள் தங்கிய ஆண்டோங், ஜேஜு இரண்டும் இன்றும் அதற்குப் பேர்போனவை. 45 சதவீத ஆண்டோங் சோஜுவில் பச்சைப் பாட்டிலில் காணாமல் போன தானியம் திரும்பக் கிடைக்கும். எரிமலை மண்ணில் நெல் அரிதான ஜேஜுவில் மதுவுக்குத் தினைதான் கதி. தினைமாவைப் பிசைந்து அடைகளாக வேக வைத்து, நுருக்கோடு புளிக்க வைத்தது ஓமேகிசுல். அதை வடித்தது கோசோரிசுல்.

இவற்றில் என் மனம் நிற்பது குவாஹாஜுவில். கோடையில் அரிசி மது கெட்டுப்போகும். புளித்துக்கொண்டிருக்கும் ஜாடியில் பாதியில் சோஜுவை ஊற்றினால் ஈஸ்ட் அடங்கிவிடும்; அது தின்னாத சர்க்கரை அப்படியே நிற்கும்; கூடிய மது கிருமிகளைத் தடுக்கும். போர்ச்சுகலின் போர்ட் ஒயினுக்குப் பின்னால் இருக்கும் அதே உத்தியைக் கொரிய வீடுகளும் கண்டுபிடித்திருந்தன. 1670 வாக்கில் ஜாங் கே-ஹ்யாங் என்ற பெண்மணி கொரிய எழுத்தில் எழுதிய சமையல் நூலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மதுவுக்குச் செய்முறை இருக்கிறது. மது செய்வது அப்போது வீட்டுச் சமையலின் பகுதி.

அதை அழித்தது சட்டம். ஜப்பானிய ஆட்சி வரி விதித்து, நெருக்கி, 1934இல் வீட்டில் மது செய்வதையே தடை செய்தது. விடுதலைக்குப் பிறகும் விடியவில்லை. அரிசிப் பஞ்சத்தால் 1965இல் மதுவுக்கு அரிசியைப் பயன்படுத்தத் தடை வந்தது. மக்கொல்லி கோதுமை மாவுக்கு மாறியது, அரிசி சோஜு இருந்த இடத்தைப் பச்சைப் பாட்டில் பிடித்தது. வீட்டுத் தயாரிப்புக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 1995இல். அதற்குள் இரண்டு தலைமுறைக் கைப்பழக்கம் போய்விட்டது. இப்போது இளைஞர்கள் பழைய நூல்களிலிருந்து அவற்றை மீட்டு வருகிறார்கள். 2021இல் மக்கொல்லி செய்யும் மரபு தேசிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

கடையில் வாங்கும்போது லேபிளைக் கடைக்காரரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்குக் என்றிருந்தால் ஒரே வகைப் பூஞ்சையை வளர்த்துச் செய்தது. சுவை ஒரே சீராக, எளிமையாக இருக்கும். நுருக் என்றிருந்தால் சுவை பல அடுக்காக வரும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். உயிருள்ள, அதாவது ஈஸ்ட்டைக் கொல்லாமல் பாட்டிலில் அடைத்த மக்கொல்லியில் சர்க்கரை போட்டால் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கிவிடும். அஸ்பார்டேமை அதனால் தின்ன முடியாது. அதனால்தான் மலிவு விலைப் பாட்டில்களில் அது இருக்கிறது. அது சேராத மக்கொல்லிக்கு விலை கூடுதல், ஆனால் அரிசியின் சொந்த இனிப்பு அதில்தான் தெரியும்.

உயிர் மக்கொல்லிப் பாட்டிலின் மூடி வாயு கசியும்படி செய்யப்பட்டிருப்பதால் படுக்க வைத்தால் ஒழுகும். குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். பாட்டிலுக்குள் புளித்தல் நிற்பதே இல்லை: புதிதில் இனிப்பு, சில நாளில் குமிழ் துள்ளும், இன்னும் போனால் புளிப்பு மேலே வரும். ஒரே மக்கொல்லியில் நேற்றைய தேதியும் ஒரு வாரத்துக்கு முந்தைய தேதியும் உள்ள இரண்டு பாட்டில்களைத் தேடி வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.