ஹரம்பே: சொல்லும் பொருளும்

கென்யாவின் அரசுச் சின்னத்தில் இரண்டு சிங்கங்களின் காலடியில் பொறிக்கப்பட்டிருக்கும் ஒரே சொல், ஹரம்பே. சுவாகிலி மொழியில் ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்பது அதன் பொருள். அகராதி அத்தோடு நிறுத்திக்கொள்கிறது, மக்கள் நிறுத்துவதில்லை. ‘மகளுக்கு ஹரம்பே வைத்திருக்கிறோம்’ என்று ஒரு குடும்பம் சொன்னால், அவளுடைய படிப்புச் செலவுக்காக உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துப் பணம் திரட்டப்போகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். ‘ஹரம்பே பள்ளி’ என்றால் ஊரார் காசிலும் உழைப்பிலும் எழும்பிய பள்ளி.

மூலத்தில் இது ஒரு வேலைக் கூவல். கனமான எதையாவது பலர் சேர்ந்து இழுக்கும்போது, மூச்சையும் கையையும் ஒருசேரக் கூட்டுவதற்கு எழுப்பும் குரல். நம் கடற்கரையின் ‘ஐலசா’வைப் போல. இதன் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். தண்டவாளம் தூக்கும்போது அவர்கள் அம்பாளை அழைத்து ‘ஹர அம்பே’ என்று கூவியதுதான் ஹரம்பே ஆயிற்று என்கிறது கதை. இதை நம்பி, இந்துத் தெய்வத்தின் பெயர் நாட்டின் முழக்கமாக இருக்கலாமா என்று எதிர்ப்புத் தெரிவித்த கென்யக் கிறித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஒலி ஒத்துப்போவது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. கடலோரச் சுமை தூக்குவோரின் கூவல் என்ற விளக்கமே இயல்பாக இருக்கிறது.

கூவலை அரசியல் முழக்கமாக்கியவர், பின்னர் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா, நாடு விடுதலை பெற்ற 1963இல். அவர் கையில் அது கல்வியோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கிறித்தவ மிஷன்களோடு பூசல் ஏற்பட்டதால் கென்யாட்டாவின் இனத்தாரான கிக்குயு மக்கள் 1930களிலேயே தங்களுக்கென்று சுயேச்சைப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1939இல் கிதுங்குரியில் ஒரு கல்லூரியும் எழுந்தது. பிற்பாடு அதன் முதல்வராக இருந்தவர் கென்யாட்டாவேதான். 1952இல் நெருக்கடிநிலை வந்தபோது காலனி அரசு அதை மூடியது.

விடுதலைக்குப் பிறகு தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளைகள் பெருகினார்கள். அரசு இடைநிலைப் பள்ளிகளில் இடம் போதவில்லை. ஊர்கள் காத்திருக்கவில்லை. ஒருவர் மரம் கொடுத்தார், ஒருவர் கல் சுமந்தார், இன்னொருவர் கூரைத் தகடு வாங்கித் தந்தார். கட்டடத்தை எழுப்பிவிட்டால் என்றாவது ஒருநாள் அரசு ஆசிரியரை அனுப்பித்தானே ஆக வேண்டும் என்ற கணக்கும் இதில் இருந்தது. 1970களில் அரசு இடைநிலைப் பள்ளிகளைவிட ஹரம்பே பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். ஆனால் பலவற்றில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை. கட்டணமோ அரசுப் பள்ளியைவிடக் கூடுதல். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காத ஏழைப் பிள்ளை, அதிகப் பணம் கட்டிக் குறைந்த கல்வியைப் பெற்றது. ஹரம்பேயைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள்.

பணம் திரட்டும் ஹரம்பேயில் சிறப்பு விருந்தினர் இருப்பார். யார் எவ்வளவு கொடுத்தார் என்று உரக்க அறிவிப்பார்கள். கோழியும் ஆடும் ஏலத்துக்கு வரும்; ஊருக்காக ஏலம் என்பதால் கோழிக்குக் கோழியின் விலை இருக்காது, அதற்கு மேலே போகும். மேடை இருந்தால் அரசியல்வாதி வராமல் இருப்பாரா? கென்யாட்டாவுக்குப் பின் அதிபரான டேனியல் அராப் மோய் காலத்தில் அது வாக்கு வாங்கும் மேடையாகவும் கட்டாய வசூலாகவும் கெட்டுப்போனது. அரசு ஊழியர்கள் இப்படிப் பணம் திரட்டுவதை 2003ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்தியது. குடும்பங்கள் வைக்கும் ஹரம்பே மட்டும் ஓயவில்லை. இப்போது அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் போகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நன்கொடை திரட்டல்’ என்பது பொருந்தாது. நன்கொடையில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஹரம்பேயில் அறிமுகம்தான் முதல். ‘சிரமதானம்’ உழைப்பை மட்டும் குறிக்கும். ஒரு மாணவருக்காகக் கூடும் கூட்டத்துக்குக் ‘கல்வி மொய்’ என்பது நெருங்கி வருகிறது. (நாட்டையே ஹரம்பே மேடையாக்கிய அதிபரின் பெயர் மோய் என்பது தமிழருக்கு மட்டும் வாய்த்த வேடிக்கை.) ஆனால் பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், நோட்டில் கணக்கு இருக்கும். ஹரம்பேயில் அப்படியொரு கடன் எழுதப்படுவதில்லை. அதனால் ‘கல்விக் கூட்டுநிதி’ என்பதே பிழையில்லாத சொல். சற்று வறண்டது என்றாலும் பரவாயில்லை. ஹரம்பே பள்ளிக்கு ‘ஊரார் பள்ளி’ போதும். பொதுவான கருத்தாக வரும்போது ‘ஊர்கூடித் தேரிழுத்தல்’ என்று எழுதலாம், அதில் இழுப்பதும் இருக்கிறது. தேசிய முழக்கமாகவோ, ஹரம்பே ஸ்டார்ஸ் என்ற கென்யத் தேசியக் கால்பந்து அணியின் பெயரிலோ வரும்போது மொழிபெயர்க்க வேண்டாம். ஹரம்பே என்றே இருக்கட்டும்.